மூன்றாவது எண்

முதலில் அந்தக் கைகள் போகட்டும். கோட்டுப் போட்ட இரண்டு கைகள் ஒன்றையொன்று குலுக்குகிற படம், பின்னால் கண்ணாடிக் கட்டடம். தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்புசெட் விற்கிற கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்று இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, பார்க்கப் பார்க்க அவை எங்கள் கைகள்தான் என்றே ஆகிவிட்டிருந்தன. பிரதீபா அங்கே எதையோ அழுத்தியதும் இங்கே என் திரையில் அவை இல்லாமல் போயின. சுவரில் காலண்டரைக் கழற்றிய இடம் போல ஒரு வெளுப்பு. நன்றாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் பாதி உறக்கத்தில் இருக்கிறது, மின்விசிறி சுற்றுவதில் ஒரு தாளம் தப்பித் தப்பி விழுகிறது, நாக்கில் இன்னும் ரசத்தின் மிளகு. பிரதீபா வடவள்ளியில் தன் வீட்டில் உட்கார்ந்து கம்பெனியின் இணையதளத்தை மாற்றியமைக்கிறாள். அவள் குரல் என் காதுக்குள் இருக்கிறது, இடையிடையே அவள் வீட்டுக் குக்கரின் விசிலும். மோட்டாரோடு வருகிற கையேட்டிலிருந்து ஆயுத பூஜை வாழ்த்து வரை கம்பெனியில் தமிழில் வருகிற எல்லாவற்றையும் எழுதுகிறவள் நான் என்பதால் இந்தப் பக்கத்துக்கு நான் துணை. ‘எங்களைத் தொடர்பு கொள்ள’ என்கிற பக்கம். அந்தத் தலைப்பும் நான் எழுதியதுதான், எந்த மனிதரும் வாயால் சொல்லாத ஒரு வாக்கியம். ஈரோட்டு விவசாயக் கண்காட்சியில் ஒரு பெரியவர் தன் கைபேசியில் இந்தப் பக்கத்தைத் திறந்து, கூட்டத்துக்கு நடுவில் எங்கள் முதலாளி சௌந்தர் சாரிடம் நீட்டி, “ஏனுங் தம்பி, இதுல உங்கள எங்க தேடறதுங்க?” என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். திரும்பி வந்ததும் சார் சொன்ன முதல் வேலை இது.

“மேடம், நம்பர் விஷயம் மட்டும்தான் பாக்கி,” என்கிறாள் பிரதீபா. “புது சர்வீஸ் நம்பர் மேல பெரிசா வந்துடுச்சு. பழசு மூணையும் தூக்கிடலாமா, எதாவது ஒண்ணு இருக்கட்டுமா? சாயங்காலம் சார் பார்க்கறதுக்குள்ள போட்டுடணும்.” பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. முதல் எண் இந்த ஆபீசுடையது, எடுத்தவுடன் ஆங்கிலத்தில் ஒரு குரல் ஒன்றை அழுத்தச் சொல்லும், இரண்டை அழுத்தச் சொல்லும். அடுத்தது விற்பனைப் பிரிவு, எந்நேரமும் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும். மூன்றாவது என்னுடைய கைபேசி. ஊரடங்கின்போது ஆபீசைப் பூட்டிவிட்டோம், பூட்டிய கட்டடத்துக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, காவல்காரர் சொன்னார். மோட்டாருக்கு ஏது ஊரடங்கு. “ஒரு வாரத்துக்கு மட்டும் உங்க நம்பரைப் போட்டுக்கறேன் மேடம்,” என்றார் சார். ஒரு வாரம் முடிந்தது, கடைகள் திறந்தன, முகக்கவசங்கள் போயின, எண் அங்கேயே இருந்தது. எடுக்கச் சொல்லி யாரும் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்க வேண்டியவள் நான். நான் பேசாமல் இருந்தேன், ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பது போல.

அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் சம்பத் இறந்துபோனது. கோயம்புத்தூருக்குள்ளேயே ராமநாதபுரத்தில் எங்கள் வீடு பெரியதில்லை, ஆனால் ஒரு மனிதர் குறைந்ததும் அறைகளுக்குள் தூரம் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் எதற்குப் போகிறேன் என்பது மறந்துவிடும். குரலைப் பயன்படுத்தாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கழிந்து, திங்கட்கிழமை காலையில் ஆட்டோக்காரரிடம் பேசும்போது தொண்டையில் துருப்பிடித்த சத்தம் வந்தது. அப்போதுதான் இந்த அழைப்புகள் வர ஆரம்பித்தன. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் நினைத்தபோதெல்லாம் வராது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நேரம். கரண்ட் வந்ததும் தோட்டத்தில் ஸ்டார்டரைப் போடுவார்கள், மோட்டார் ஓடாவிட்டால் உடனே போன். அதனால் என் விடியலைத் தீர்மானித்தது சூரியன் இல்லை. விடியுமுன் கரண்ட் வருகிற பல்லடத்துப் பக்கமோ தாராபுரத்துப் பக்கமோ என்னை எழுப்பும். “அம்மிணி, உம்முனு ஒரே எரைச்சலுங்க, சுத்த மாட்டீங்குது.” “உடனே நிறுத்துங்க. பெட்டியில மூணு லைட்டும் எரியுதுங்களா?” “ஒண்ணு மங்கலா எரியுதுங்க.” “அப்ப கரண்டுதாங்க கோளாறு, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. சித்த பொறுத்துப் போடுங்க.” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, பின்னால் ஒரு மாடு, தூரத்தில் மயில். போர்வைக்குள் படுத்தபடியே நான் ஒருவருடைய தோட்டத்தில் நின்றுவிட்டு வருவேன். காபி போடும்போது உதடு தானாக ஏதோ முணுமுணுக்கும். சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, இந்த வயதில், இந்தக் காரணத்துக்கு.

திரையில் பிரதீபாவின் சுட்டி இங்குமங்கும் நகர்கிறது, தண்ணீரில் பூச்சி ஓடுவது போல. நாலைந்து மின்னஞ்சல் முகவரிகளைத் தூக்கி எறிந்துவிட்டாள். உலக வரைபடத்தைத் தூக்கிவிட்டாள், அது திறப்பதற்குள் தோட்டத்து சிக்னலில் கரண்டே போய்விடும். அந்த இடத்தில் ‘காளப்பட்டி ரோடு, மாரியம்மன் கோயில் தாண்டி, இடது கைப் பக்கம், நீலக் கேட்’ என்று எழுதினேன், படித்துப் பார்த்து அவளே சிரித்தாள், “இதைக் கேட்டுட்டு நானே வந்துடுவேன் மேடம்.” அப்புறம் படிவம். பெயர், நிறுவனத்தின் பெயர், பதவி, இன்னும் என்னென்னவோ, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரம், நிரப்பாவிட்டால் போகாது. நிறுவனத்தின் பெயர் என்று கேட்டால் தோட்டக்காரர் என்ன செய்வார். புளியமரத்துத் தோட்டம் என்று எழுதினார்கள். மேக்காலக் காடு. ரெட்டைக் கிணத்துத் தோட்டம். பதவி என்கிற இடத்தில் ஒருவர் ‘மூத்த மகன்’ என்று எழுதியிருந்தார். விற்பனைப் பிரிவில் அதைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அது எவ்வளவு சரியான பதில் என்று தோன்றியது. கேட்கத் தெரியாமல் கேட்டவர்கள் நாங்கள்தானே. படிவம் முழுவதையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரே ஒரு வரி: ‘மிஸ்டு கால் கொடுத்தாலும் போதும், நாங்களே கூப்பிடுவோம்.’ பிரதீபாவுக்கு முதலில் புரியவில்லை, இப்போதுதான் பேசுவதற்குக் காசே இல்லையே மேடம், எதற்கு மிஸ்டு கால் என்றாள். காசுக்காக இல்லை. அது ஒரு மரியாதை. நான் இருக்கிறேன், உங்களுக்கு எப்போது தோதோ அப்போது கூப்பிடுங்கள் என்று சொல்கிற விதம். கதவைத் தட்டாமல் வாசலில் நின்று இருமுவது.

சம்பத் உடுமலைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் திரும்பும்போது பஸ் ஏறியதும் போனில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். எடுக்கக் கூடாது. எடுத்தால் கோபித்துக்கொள்வார், “எதுக்கு எடுத்தே, ஏறிட்டேன்னு தெரிஞ்சாப் போதாதா?” அந்த ஒரு மணி கேட்ட பிறகு அரிசி களைவேன். எத்தனை வருடம் அப்படி, ஒரு சொல் இல்லாமல், சொல்லை விட நிச்சயமாக. அதற்கும் முன்னால் கல்லூரி விடுதி. வார்டன் அறையில் ஒரே ஒரு கறுப்பு போன், யாருக்காவது வந்தால் ஆயா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பெயரைக் கூவுவாள். ரேணுகாதேவீஈஈ. ஈரத் தலையோடு, செருப்பில்லாமல், சிமெண்டுத் தரையில் ஓடுவேன். போனில் அப்பா ஒன்றும் பெரிதாகச் சொல்லமாட்டார், பரீட்சை எப்போது, காய்ச்சல் விட்டதா. திரும்பி வரும்போது மற்றப் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் நான் ஒரு சாண் வளர்ந்திருப்பேன். என்ன பேசினார்கள் என்பது முக்கியமில்லை. அத்தனை பெயர்களில் என் பெயர் கூவப்பட்டது. அதுதான். அது போதுமாயிருந்தது, இன்னும் போதுமாயிருக்கிறது, யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் வேறெதற்கும் அப்படி ஓடவில்லை.

போன வாரம் பிரதீபா ஒரு வீடியோ அனுப்பினாள். பக்கத்தை மாற்றுவதற்கு முன் பழைய பக்கத்தைச் சிலரிடம் கொடுத்து, ‘உங்க மோட்டார் ஓடலைன்னு வெச்சுக்குங்க, கம்பெனியைக் கூப்பிடுங்க’ என்று சொல்லி, அவர்கள் விரலை மட்டும் படம் பிடித்திருந்தாள். தேய்ந்த நகங்கள், மண் ஏறிய ரேகைகள். எல்லா விரலும் முதலில் அந்தக் குலுக்குகிற கைகளின் மேல் போய் நின்றது, கீழே வந்தது, வரைபடத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் கீழே வந்தது, மூன்று எண்களின் மேல் தயங்கியது. கடைசியில் எல்லாரும் அழுத்தியது மூன்றாவது எண்ணை. எனக்கு உடம்பு சிலிர்த்தது, என் எண். வீடியோவுக்குக் கீழே பிரதீபா எழுதியிருந்தாள், “பாருங்க மேடம், அது கட்டை விரலுக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு கையில போனைப் பிடிச்சா கடைசி வரிதான் எட்டும். அவ்வளவுதான் காரணம்.” அவ்வளவுதான் காரணம். அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று ராத்திரி சாதத்தில் உப்புப் போட மறந்தது. இத்தனை வருடமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒருவர் சொல்லி ஒருவர், அந்த அம்மிணியைக் கேளுங்க, பொறுமையாச் சொல்லும், அப்படி என் எண் தோட்டம் தோட்டமாகப் போயிருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் குரலைத் தேடி வருகிறார்கள் என்று. தேடி வந்தது கட்டை விரல். கட்டை விரலின் நீளம் என்னைத் தேர்ந்தெடுத்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, மழைகூட யாரையும் தேர்ந்தெடுத்துப் பெய்வதில்லை, நனைந்தவன் குளிர்ந்தது பொய்யா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதில் பாதி உண்மை. மறு பாதி இன்னும் எங்கோ முள்ளாக நிற்கிறது.

“மேடம், இருக்கீங்களா?” இருக்கிறேன். “ஒண்ணு கேக்கட்டுமா, அந்த மூணாவது நம்பர் உங்களோடதுதானே? சார் சொன்னார். பாவம் நீங்க, தூக்கமே இருந்திருக்காதே, தூக்கிட்டா நிம்மதி.” நல்ல பெண். என் நிம்மதியைப் பற்றிப் பேசுகிறாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டுமானால் அதை மட்டும் கீழே சின்னதாகப் போடலாமா, அவசரத்துக்கு என்று, என்கிறேன். என் குரலில் ஒரு கடைக்காரக் குழைவு இருப்பது எனக்கே கேட்கிறது. குக்கர் ஒரு விசில் விட்டது. “போடலாம் மேடம். ஆனா கீழ போட்டா மறுபடியும் எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க. அப்புறம் மேல பெரிசா ஒண்ணு எதுக்கு? சார் மானம் மறுபடியும் ஈரோட்டுல போகும்.” சிரிக்கிறாள். நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிடலாம். அவள் எடுத்துவிடுவாள், நான் எடுக்கவில்லை என்று இருக்கும். இல்லை, சாரிடம் கேட்கிறேன் என்று தள்ளிப் போடலாம், சார் ‘உங்களுக்குத் தொந்தரவில்லைன்னா இருக்கட்டும் மேடம்’ என்பார், அவர் அப்படிப்பட்டவர். ஒரு சொல் போதும், என் காலைகள் எனக்கு இருக்கும். எடுத்துவிட்டால் நாளைக்குக் காலையில் என்ன இருக்கும்? பால்காரர் பையை மாட்டுகிற சத்தம். குழாயில் காற்று. கைபேசி மேஜைமேல் குப்புறக் கிடக்கும், கறுப்பாக, விடுதி போனைப் போல, ஆனால் கூவுவதற்கு ஆயா இல்லை.

அதற்குப் பின்னால் இருக்கிற பயத்தையும் பார்த்துவிடலாம், பட்டப்பகலில் பார்த்தால் சின்னதாக இருக்கும். குளியலறை. ஈரத் தரை, அந்த நீலப் பக்கெட், கை பிடிக்க ஒன்றுமில்லாத சுவர். விழுந்தால் யாருக்குத் தெரியும்? இத்தனை நாள் என்னிடம் ஒரு பதில் இருந்தது: போன் அடிக்கும், நான் எடுக்கமாட்டேன், யாராவது ஒருவர், என்னடா அம்மிணி எடுக்கவில்லையே என்று நினைப்பார். அந்த நினைப்பைப் பற்றிக்கொண்டுதான் அந்த ஈரத்தில் கால் வைத்து வந்திருக்கிறேன். இப்போது அதையே திருப்பிப் பார்க்கிறேன். நான் அந்த ஈரத்தில் கிடக்கிறேன், போன் அடிக்கிறது. அங்கே தோட்டத்தில் ஒருவர் நிற்கிறார், கிணற்று மேட்டில், மோட்டார் உம்மென்று இரைகிறது, நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். மோட்டாரின் கம்பிச்சுருளில் சூடு ஏறுகிறது. கரண்ட் போகிற நேரம் வந்துகொண்டிருக்கிறது. மறுபடி போன் போடுகிறார், மறுபடி. புகை வருகிறது. நாற்று அப்படியே நிற்கிறது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. என்னடா அம்மிணி எடுக்கவில்லையே என்றுதான் நினைப்பார், நினைத்து என்ன செய்வார்? என் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியுமா, என் பெயர் தெரியுமா? ஒரு பெண்ணின் குளியலறைத் தரையை நம்பி அத்தனை கிணறுகள். எவ்வளவு மெல்லிய கயிறு, இரண்டு பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம், அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் இந்த நிமிடம் வரை தெரியாது. காளப்பட்டித் தொழிற்சாலையில் இந்தத் திங்கட்கிழமையிலிருந்து சர்வீஸ் மேஜையில் மாற்றி மாற்றி ஆள் உட்கார்கிறார்கள், விடியுமுன்பே தொடங்கி. யார் விழுந்தாலும் இன்னொருவர் எடுப்பார். அந்த நேரத்தைச் சண்டை போட்டு வாங்கியதும் நான்தான், எட்டு மணிக்குத் திறந்தால் போதாதா மேடம் என்றார் சார், கரண்ட் எட்டு மணிக்கு வருவதில்லை சார் என்றேன். சண்டை போடும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எதை வாங்குகிறேன், எதைக் கொடுக்கிறேன் என்று.

“மூணையும் எடுத்துடு பிரதீபா.” “நிச்சயமா மேடம்?” “நிச்சயமா. தலைப்பையும் மாத்து. ‘எங்களைத் தொடர்பு கொள்ள’ வேண்டாம். ‘மோட்டார் ஓடலையா? கூப்பிடுங்க’ன்னு போடு.” “பேச்சு வழக்காவா? சார் ஒத்துக்குவாரா?” “நான் சொல்லிக்கறேன்.” சுட்டி நகர்ந்தது, முதல் எண் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதன் மேல் ஒரு நீலப் பட்டை விழுந்தது, என் எண்ணை அப்படி வெளிச்சம் போட்டு நான் பார்த்ததேயில்லை, நல்ல எண்ணாகத்தான் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னாள். திறந்தேன். மேலே கேள்வி. கீழே எண், உள்ளங்கை அகலத்துக்கு, பச்சையில். அதற்குக் கீழே மிஸ்டு கால் வரி, அப்புறம் நீலக் கேட். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெற்றிடம், பெருக்கித் தெளித்த வாசல் மாதிரி. கண்ணாடி இல்லாமல் படித்துப் பார்த்தேன், படிக்க முடிந்தது. நெஞ்சில் என்னவோ இறங்கியது, கனம் போனதா வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. இதில் என் பெயர் எங்குமில்லை, ஆனால் இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை. “உங்க போன்ல இருந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்துடுங்க மேடம், சரியாப் போகுதான்னு,” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள் பிரதீபா.

அழுத்தினேன். கட்டை விரல் தானாகவே அங்கே போனது. இரண்டாவது மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். “வணக்கங்க, சொல்லுங்க, மோட்டார் ஓடலைங்களா?” சின்னக் குரல். அன்னூரிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கோகிலவாணி என்று பெயர் என்று சொல்லியிருந்தார்கள், நான் இன்னும் பார்த்ததில்லை, என் குரல் அவளுக்குத் தெரியாது. சோதனைக்குத்தாம்மா, ஆபீசிலிருந்து, என்று சொல்ல வாயெடுத்தேன். “ஓடுதுங்க,” என்றேன். “நல்லா ஓடுதுங்களா?” “நல்லா ஓடுதுங்க.” “அப்புறம் எதுக்குங்க கூப்பிட்டீங்க?” கோபமில்லை, தெரிந்துகொள்கிற ஆசைதான். “சும்மாதாங்க.” வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். “சும்மாவா, அப்ப சரி, சொல்லுங்க, நானும் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். இன்னைக்குத்தான் இந்த நம்பரை வெப்சைட்டுல போடறோம்னாங்க, நீங்கதான் மொத ஆளு. உங்க பேருங்க?” ரேணுகா என்றேன். “எந்த ஊருங்க?” ராமநாதபுரம் என்றேன். “டவுனுக்குள்ளயா? அங்க எதுங்க தோட்டம்?” தோட்டமெல்லாம் இல்லை, வீட்டில் நான் மட்டும்தான் என்றேன். அதை இத்தனை வருடத்தில் யாரிடமும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. “ஒரு ஆளுக்குச் சமைக்கறது சிரமந்தாங்க,” என்றாள், அனுபவப்பட்டவள் போல. “பால்தாங்க கஷ்டம்,” என்றேன். “அரை லிட்டர் வாங்கினாலும் பாதி மிஞ்சிடுது.” “என்ன பண்ணுவீங்க?” “உறை ஊத்திடறேன்.” அந்தப் பக்கம் அவள் யோசிப்பது கேட்டது. “அப்பத் தயிரு மிஞ்சுமேங்க,” என்றாள் கோகிலவாணி, நிஜமாகவே கவலைப்பட்டு.